கொட்டியாரத்தில் தொடங்கிய நடை: நொக்ஸ், ரட்லண்ட், ஒரு வற்றிய ஆறு

நாலைஞ்சு நாள் காட்டுக்குள்ள நடந்து, இரவில அங்கேயே தங்கிற மாதிரி ஒரு பயணம் போறீங்கள் எண்டு வையுங்கோ. பையுக்குள்ள என்னென்ன வைப்பீங்கள்? டென்ட், டோர்ச், லைட்டர், நூடுல்ஸ், தண்ணிப் போத்தல், நல்ல சப்பாத்து, போனுக்கு ஒரு பவர் பேங்க்.

இப்ப இந்தப் பட்டியலைப் பாருங்கோ. பத்து நாளைக்குக் காணக்கூடிய அரிசி, இறைச்சி, மீன். மிளகு, உப்பு. சமைக்க ஒரு சட்டி. தண்ணீர் அள்ள இரண்டு சுரைக்குடுவை. மழை வந்தால் கீழே படுக்கும் அளவுக்குப் பெரிய தாளிப்பனை ஓலை இரண்டு. கருப்பட்டி, இனிப்புப் பண்டம். புகையிலை, வெற்றிலை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று என்று இரண்டு மூன்று சக்கிமுக்கிப் பெட்டி. முள்ளுக் குத்தாமல் காலுக்குச் செருப்புச் செய்துகொள்ள மான் தோல். நீளத் தடியில் கட்டிய சின்னக் கோடரி ஆளுக்கு ஒன்று, இடுப்பில் ஆளுக்கு ஒரு கத்தி.

இது 1679ஆம் ஆண்டு ஒக்டோபரில் அநுராதபுரத்தைவிட்டுப் புறப்பட்ட இரண்டு பேரின் மூட்டை. ஒருவர் ரொபர்ட் நொக்ஸ், மற்றவர் ஸ்டீவன் ரட்லண்ட். இரண்டு பேரும் ஆங்கிலேயர், இரண்டு பேரும் கண்டி அரசனின் கைதிகள். இருவரும் தப்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஓட்டம் உண்மையில் ஒரு நடை. அந்த நடை அநுராதபுரத்தில் தொடங்கவில்லை. அதற்கு 19 வருடம் முன்னரே, திருகோணமலைக்குப் பக்கத்தில், மூதூரில் ஒரு புளியமரத்தடியில் தொடங்கிவிட்டது.

நொக்ஸின் கதையைப் பாடப்புத்தகத்திலோ வேறெங்கோ நீங்கள் கேள்விப்பட்டிருப்பீங்கள். 'தனி ஒருவனின் துணிச்சல்' எண்டுதான் அதை வழக்கமாகச் சொல்லுவினம். அவர் எழுதிய புத்தகத்தையே கவனமாகப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு. அதைத்தான் இங்கே சொல்லப்போறன்.

கண்டியின் கடல் வாசல்

திருகோணமலைத் துறைமுகம் என்றதும் நமக்குக் கோணேசர் மலை, பிரெட்ரிக் கோட்டை, உள்துறைமுகம் இவைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தப் பெரிய குடாவின் தெற்குப் பக்கத்தில் மூதூர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பழைய பெயர் கொட்டியாரம். மகாவலி கங்கை மலைநாட்டில் இருந்து 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் விழுவது இந்தக் கொட்டியாரக் குடாவில்தான்.

17ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தின் பெறுமதி வேறு. மலைகளுக்குள் அடைபட்டிருந்த கண்டி அரசுக்குக் கடல் வாசல்கள் மிகக் குறைவு. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை இதே கொட்டியாரக் குடாவுக்குள் வந்து நின்றது. யார் வந்தாலும் இரண்டாம் இராஜசிங்கன் ஒருவனை வைத்து மற்றவனைத் துரத்தப் பார்த்தான். கரையில் இறங்கும் எந்த வெள்ளைக்காரனையும் அவன் சந்தேகத்தோடு பார்த்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில்தான் 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் வந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் அதன் பெரிய பாய்மரம் போய்விட்டது. புது மரம் நட்டுச் சரிப்படுத்த நல்ல மரமும் அமைதியான கடலும் வேண்டும். அதற்குத் தோதான இடம் கொட்டியாரம். சும்மா நிற்பானேன், வியாபாரமும் நடக்கட்டும் என்று பரங்கிப்பேட்டை வியாபாரிகள் சிலரும் துணிகளோடு அதே கப்பலில் ஏறி வந்திருந்தார்கள். சோழமண்டலக் கரைக்கும் கொட்டியாரத்துக்கும் இடையில் வியாபாரம் இப்படித்தான் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

கப்பலின் கப்டன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். மகன் நொக்ஸுக்கு அப்போது 19 வயது. 1660 ஏப்ரலில் அரசனின் ஆட்கள் வந்தார்கள். புளியமரத்தின் கீழே இருந்த கப்டனை முதலில் பிடித்தார்கள், பிறகு மற்றவர்களை. மொத்தம் 16 பேர். கப்பலுக்குச் செய்தி சொல்லிவிட்டு வா என்று மகனை ஒருமுறை கடலுக்கு அனுப்பினார்கள். கப்பலில் ஏறிய பிறகு அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் திரும்பி வருவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், அப்படியே திரும்பி வந்தார். கப்பல் போய்விட்டது.

மூதூரில் அந்த இடத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்றுதான் சனம் சொல்லும். 1893இல் அங்கே ஒரு கல்லும் நாட்டினார்கள்.

முதல் நடை: மேலே

கைதிகளைக் கடற்கரையில் இருந்து உள்நாட்டுக்குள் நடத்திக் கொண்டுபோனார்கள். சிறை என்று ஒரு கட்டடம் கிடையாது. அரசனின் முறை வேறு. ஆட்களைப் பிரித்து, ஊருக்கு ஒருவர் இருவராக விட்டுவிடுவான். அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது அந்த ஊர்ச்சனத்தின் பொறுப்பு. காடும், மலையும், பாதைகளில் இருந்த காவலுந்தான் சுவர்.

அப்பாவும் மகனும் பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் விடப்பட்டார்கள். இரண்டு பேருக்கும் காய்ச்சல். இன்றைக்கு நாம் மலேரியா என்று சொல்வது. 1661 பெப்ரவரியில் அப்பா இறந்துபோனார். மகன் தானே குழி வெட்டி அடக்கம் செய்தார்.

அதற்குப் பிறகு நொக்ஸ் அந்த நாட்டுக்குள் வாழப் பழகினார். தொப்பி பின்னி விற்றார். நெல்லு வட்டிக்குக் கொடுத்தார். சிங்களம் பேசினார். கடைசியில் கண்டிக்குப் பக்கத்தில் எலதெத்த என்ற ஊரில் வீடு கட்டினார். அந்த வீட்டில் நாலு ஆங்கிலேயர் கூட்டாக இருந்தார்கள், கலியாணம் செய்வதில்லை என்ற பேச்சோடு. கொஞ்சக் காலத்தில் இரண்டு பேர் கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நொக்ஸும் ரட்லண்டும்.

துண்டு துண்டாக நடத்தல்

மேலைநாடுகளில் நீண்ட நடைபாதைகளில் நடப்பவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீற்றர் நீளும் ஒரு பாதையை ஒரே மூச்சில் நடக்க எல்லாருக்கும் முடியாது. அதனால் இந்த வருடம் ஒரு துண்டு, அடுத்த வருடம் இன்னொரு துண்டு என்று நடப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் எங்கே தண்ணி இருக்கு, எங்கே ஏற்றம், எங்கே தங்கலாம் எண்டு கால் படிச்சுக்கொள்ளும்.

நொக்ஸும் ரட்லண்டும் செய்தது இதேதான். ஆனால் பொழுதுபோக்குக்காக இல்லை.

தப்புவதற்கு அவர்கள் பார்த்து வைத்த திசை வடக்கு. அங்கே தாழ்நாடு தட்டையாக இருந்தது, சனம் குறைவு, அதற்கு அப்பால் ஒல்லாந்தரின் கையில் மன்னார்க் கரை. ஆனால் கைதிகள் காரணம் இல்லாமல் வடக்கே நடந்தால் பிடிபடுவார்கள். ஆகவே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். முதுகில் மூட்டையோடு திரியும் வியாபாரிகள் ஆனார்கள். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் இவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, விற்பது, திரும்பி வருவது. அடுத்த முறை இன்னும் கொஞ்சத் தூரம். பிறகு இன்னும் கொஞ்சம்.

பல வருடம் இப்படிப் போனது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தடுத்தது. ஒருமுறை காய்ச்சல். மற்றொரு முறை, வருடக்கணக்காக மழை பொய்த்துக் குளங்கள் வற்றி, வழியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. துணைக்கு வழிகாட்டியும் இல்லை. திரும்பி வருவார்கள். குணமானதும் மறுபடி மூட்டையைக் கட்டுவார்கள்.

இந்தத் தோல்விகளை எண்ணிக்கொண்டு போனால் ஒன்று விளங்கும். ஒவ்வொரு தோல்வியும் அவர்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. எந்த ஊரில் எந்தச் சாமானுக்கு ஆசை, எந்தச் சந்தியில் காவல், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் சனம் சிரித்துக்கொண்டு விடும், இதையெல்லாம் கால் தேயத் தேயத்தான் படித்தார்கள். வியாபாரிகளாக அவர்களின் முகம் ஊர்களில் பழகிவிட்டது. பழகின முகத்தை யாரும் திரும்பத் திரும்பச் சந்தேகப்படுவதில்லை.

இன்னொரு விசயமும் அவர்கள் படித்தார்கள். தாழ்நாட்டின் கெட்ட தண்ணீரால்தான் காய்ச்சல் வருகிறது என்று அப்போதைய நம்பிக்கை. நுளம்புதான் காரணம் என்று உலகம் கண்டுபிடிக்க இன்னும் 200 வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தத் தண்ணீருக்கு மாற்று மருந்து என்று ஒரு காய்ந்த இலையைத் தூளாக்கிக் கருப்பட்டியோடு வெறும் வயிற்றில் சாப்பிடப் பழகினார்கள். அது கஞ்சா இலை. தலை சுற்றும் என்று நொக்ஸே எழுதுகிறார். மலேரியாவுக்கு அது மருந்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தங்களுக்குக் காய்ச்சல் வரவில்லை என்று அவர் நம்பினார். 1689இல் லண்டன் ரோயல் சொசைட்டியில் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக் இந்த இலையைப் பற்றிப் பேசியபோது அவருக்குத் தகவல் கொடுத்தவர் நொக்ஸ்தான். கண்டி நாட்டு வழக்கம் ஒன்று இப்படி லண்டன் விஞ்ஞானிகளின் மேசைக்குப் போனது. அதை அவருக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு அங்கே பெயர் இல்லை.

26 நாள்

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி எலதெத்தவில் இருந்து கடைசி முறையாகப் புறப்பட்டார்கள். வழக்கம்போல வியாபார மூட்டை. ஏழு கோறளை தாண்டி, நுவரகலாவியவுக்குள் இறங்கினார்கள்.

இந்த மாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கோ. இங்கிலாந்தில் அது இலையுதிர் காலம். நம்மிடம் அப்படி ஒரு காலம் கிடையாது, புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் இடைவெளி அது. ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியை வைத்திருந்தார்கள். இன்றைய கணக்குக்குப் பத்து நாள் கூட்டினால் ஒக்டோபர் 2 ஆகும். வடக்கிலும் கிழக்கிலும் கோடையின் வறட்சி முற்றி, மாரி மழை இன்னும் இறங்காத நாட்கள். ஆறுகள் மணலாகக் கிடக்கும். இன்னும் ஒரு மாதம் போனால் வாடைக் காற்று மழையைக் கொண்டுவந்து அதே ஆற்றைக் கரை புரள வைத்துவிடும். ஆற்றுவழியே நடப்பவனுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வழியில் பெரிய சோதனை, நொக்ஸ் 'கொல்லிவில்ல' என்று எழுதும் ஊர். நுவரகலாவியவின் அதிகாரி இருந்த இடம் அது. ஒளித்துப் போனால் சந்தேகம் வரும். அதனால் நேராக அவர் வீட்டுக்கே போனார்கள். காய்ந்த இறைச்சி வாங்கி மேலே கொண்டுபோய் விற்கப்போகிறோம் என்றார்கள். அவர் நம்பினார். அந்த நேரம் பார்த்து அரசனிடம் இருந்து ஆட்கள் வந்தார்கள், வேறு யாரும் தப்பிப் போகாமல் பாதைகளைக் காவல் செய்யச் சொல்லும் கட்டளையோடு. இவர்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். இரவு மேளமும் ஆட்டமும் நடந்தது. அதையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, ஆறுதலாக அநுராதபுரத்துக்கு நடந்தார்கள்.

அநுராதபுரத்துக்கு அப்பால் ஒல்லாந்தர் பக்கம் போகும் பாதைகளில் காவல். ஆனால் வரும் வழியில் ஓர் ஆற்றைக் கடந்திருந்தார்கள். மல்வத்து ஓயா. மன்னார்ப் பக்கம் வரும்போது அதே ஆற்றுக்குத் தமிழில் அருவியாறு என்று பெயர். 164 கிலோமீற்றர், இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. இது கடலுக்குத்தானே போக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குத் திரும்புவதுபோல வந்த வழியே நடந்து, ஆற்றங்கரை வந்ததும் பாதையைவிட்டு விலகிக் காட்டுக்குள் போனார்கள்.

அதற்குப் பிறகு ஆறு நாள். பாதை இல்லை. ஆற்று மணலிலும் பாறையிலும் கரைக் காட்டிலும் மாறி மாறி நடந்தார்கள். முதலைகள். மான், எருமை. வழியை மறித்துக்கொண்டு நின்ற யானை போகும்வரை காத்திருந்த நேரமும் உண்டு. ஒரு கட்டத்தில் ஆட்களின் சத்தம் கேட்டு, ஊருக்குள்ளேயே வந்துவிட்டோம் என்று தெரிந்து, மரப்பொந்து ஒன்றுக்குள் சேற்றில் இருட்டும்வரை ஒடுங்கிக் கிடந்தார்கள். கரையோரம் செதுக்கிய கற்தூண்களும், இடிந்த கற்பாலங்களும் கிடந்தன. பழைய அநுராதபுர நகரத்தின் மிச்சம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் கடந்து போன பாலங்களுக்குக் கீழே, இரண்டு பேர் சத்தம் காட்டாமல் நடந்தார்கள்.

பிறகு வன்னி. ஐரோப்பியர் அப்போது தமிழரை 'மலபார்' என்றுதான் எழுதினார்கள். இந்த நாடு கண்டி அரசனுக்குக் கீழ்ப்பட்டதில்லை, அதற்குத் தனித் தலைவன் இருக்கிறான் என்று நொக்ஸ் எழுதுகிறார். அவர் எழுதிய பெயரை நம் வரலாற்றில் வரும் கயிலை வன்னியனோடு சேர்த்துப் பார்க்கலாம். இங்கேயும் பயம் போகவில்லை. இந்தச் சனம் பிடித்து அரசனிடம் திருப்பிக் கொடுத்தால்? ஆகவே தமிழரின் கண்ணிலும் படாமல் போகத்தான் பார்த்தார்கள். கடைசியில் தமிழர் இரண்டு பேரை நேருக்கு நேர் சந்தித்தார்கள். பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்து வழி கேட்டார்கள். வழி கிடைத்தது.

ஒக்டோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணியளவில் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எலதெத்தவில் இருந்து 26 நாள். மூதூர்ப் புளியமரத்தில் இருந்து எண்ணினால் 19 வருடம், 6 மாதம், 14 நாள். 19 வயதுப் பெடியன் 38 வயது மனிசனாக வந்திருந்தான்.

யாருடைய நடை இது?

நொக்ஸ் 1680இல் லண்டன் போனார். அடுத்த வருடமே அவருடைய இலங்கைப் புத்தகம் வெளிவந்தது. 1719இல் வந்த டானியல் டீபோவின் 'ரொபின்சன் குரூசோ'வுக்கு இந்தப் புத்தகமும் ஒரு தூண்டுதல் என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்த வருடம் வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலிலோ டீபோ நொக்ஸின் கதையை நேராகவே எடுத்துச் சொல்கிறார். அப்படித்தான் இந்த நடை 'தனி ஒருவன்' கதையாக உலகத்துக்குப் போனது. ரட்லண்டின் பெயரே இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் அந்த மூட்டையை மறுபடி அவிழ்த்துப் பாருங்கோ. தாளிப்பனை ஓலையைக் குடையாக, கூடாரமாகப் பிடிக்க அவர்களுக்குக் காட்டியது யார்? ஒரே ஓலைக்குக் கீழே பலர் ஒதுங்கலாம், மடித்தால் கைக்குள் அடங்கும் என்று நொக்ஸ் வியந்து எழுதுகிறார். கண்டி நாட்டுப் படைவீரரும் வழிப்போக்கரும் தினமும் பிடித்த ஓலை அது. சுரைக்குடுவை, கருப்பட்டி, வெற்றிலை, கத்தி கட்டும் விதம், காட்டில் தீ மூட்டும் விதம், பேசுகிற மொழி எல்லாமே அந்த நாட்டுச் சனத்திடம் எடுத்தது. கப்பலில் இருந்து வந்த பொருள் அந்தப் பட்டியலில் எத்தனை எண்டு தேடிப் பாருங்கோ, பெரிசா ஒண்டும் அம்பிடாது.

நான் அவர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. இருவரும் துணிந்தவர்கள்தான், பொறுமையும் பெரிசு. ஆனால் காட்டை வென்ற வெள்ளைக்காரன் என்ற கதை பொய். பல வருடம் நடந்து நடந்து ஒரு நாட்டிடம் பாடம் படித்த மாணவர்கள் என்பதுதான் புத்தகமே சொல்லும் கதை.

பாடம் முழுதாக ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போன நொக்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்டன் ஆனார். அவருடைய கப்பல் மடகஸ்காருக்குப் போய் அடிமைகளை வாங்கியது, சென்ற் ஹெலினாத் தீவில் இறக்க. 19 வருடம் தன் விருப்பத்துக்கு ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் இருந்த மனிதர், மற்றவர்களின் காலைக் கட்டும் தொழிலுக்குப் போனார். ஒரு நீண்ட நடை மனிதனை மாற்றிவிடும் என்று பயணக் கட்டுரைகளில் நாம் அடிக்கடி வாசிக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை.

எழுதாத நடைகள்

கொட்டியாரத்துக்குத் திரும்புவோம். ஒரு கைதிக்காக ஒரு கல் நாட்டப்பட்ட அந்த ஊர்ப் பக்கம் நடை புதிசு இல்லை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு என்று கிழக்குக் கரை வழியே வாரக்கணக்காக நடந்து போகிறார்கள். பகலில் ஒரு துண்டு, இரவு ஒரு கோயில் வீதியில் படுக்கை, விடியமுன் அடுத்த துண்டு. புருசனும் பெண்சாதியுமாக நடப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கே தண்ணீர், எந்தக் களப்பை எங்கே கடக்கலாம் என்பது அவர்களின் காலுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு வரைபடம் வேண்டியிருக்கவில்லை.

விரும்பி நடக்காதவர்களும் இருக்கிறார்கள். 2006இல் சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் செல் அடிக்குள் இருந்து வெருகல் கடந்து வாகரைக்கு, பிறகு மட்டக்களப்புக்கு என்று இடம் பெயர்ந்தார்கள். அதே வருடம் ஓகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் ஊரைவிட்டுக் கந்தளாய் நோக்கிப் போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வயசான ஆட்களைத் தாங்கிக்கொண்டு, நடந்துதான் நிறையப் பேர் போனார்கள். சம்பூர்ச் சனத்தில் பலருக்குச் சொந்தக் காணிக்குத் திரும்ப 2015க்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது, பத்து வருடம். நொக்ஸின் 19 வருடத்தில் பாதி.

அவர்களும் மரத்தடியில் படுத்தார்கள். அவர்களும் காவலரண்களில் கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்து வைத்தார்கள். அவர்களும் துண்டு துண்டாகத்தான் நடந்தார்கள், ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து அடுத்த முகாமுக்கு, அங்கே இருந்து இன்னொன்றுக்கு. தப்பி வந்த கதையை எழுத நொக்ஸுக்கு ஒரு கப்பல் பயணம் முழுக்க நேரம் இருந்தது, வாசிக்க லண்டன் இருந்தது. இவர்களுக்கு இருப்பது பேரப்பிள்ளைகள்.

அதாலதான் சொல்லுறன். நொக்ஸின் புத்தகத்தை வாசியுங்கோ, நல்ல புத்தகம். மூதூர்ப் பக்கம் போனால் அந்தக் கல்லையும் பாருங்கோ. ஆனால் அதோட நிக்காதேங்கோ. உங்கட அம்மம்மாவிட்ட, பக்கத்து வீட்டு அப்பாவிட்ட, கூடப் படிச்ச பெடியன்ர உம்மாவிட்ட கேளுங்கோ. எந்த மாதம் வெளிக்கிட்டீங்கள்? எந்தப் பாதையால? முதல் இரவு எங்க படுத்தீங்கள்? யார் தண்ணி தந்தது? பையுக்குள்ள என்னென்ன வச்சீங்கள்?

பெரும்பாலும் பட்டியல் நீளாது. அரிசி, ஒரு சட்டி, ஒரு விரிப்பு, அடையாள அட்டை, காணி உறுதி. அவையள் சொல்லச் சொல்ல, திகதியும் ஊர்ப்பெயரும் போட்டு அப்படியே எழுதி வையுங்கோ.